யாரோடு அனுப்புவது?

"இவளை ஏன் கூப்பிட்டனீங்கள் டொக்டர்?"

மருமகளைக் கண்டதுமே பரிமளம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகன் நிலக்ஷன், மனநோய் முற்றிப் பக்கத்து வீட்டு மார்க்கண்டுவின் தலையை உலக்கையால் உடைத்தவன். மார்க்கண்டு பிழைத்தது பெரிய காரியம். நீதிமன்றம் இவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூன்று வருஷமாகிறது. இனி அனலைதீவுக்கு, வீட்டுக்கு விடலாமா என்று டொக்டர் கஜாலினி இன்று அறிக்கை எழுத வேண்டும். அதை வைத்துத்தான் நீதிமன்றம் முடிவெடுக்கும்.

பரிமளத்துக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை தங்கம். யாரோ செய்த செய்வினை, நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்ததோடு போய்விட்டது.

"இனி அவனுக்கு ஒண்டும் வராது. நான் பொறுப்பு."

டொக்டர் மருமகள் பிரியவதனியிடம் திரும்பினார். "நீர் என்ன சொல்லுறீர்?"

"எனக்கு இவரிலை பயம் டொக்டர்."

பக்கத்துக் கதிரையில் இருந்த நிலக்ஷன் தலை குனிந்தான்.

பரிமளம் சும்மா இருப்பாரா? கட்டினவனை அடைத்துவைக்கத் துடிக்கிறாளே, இவளும் ஒரு பெண்ணா என்று பிடிபிடியென்று பிடித்தார்.

பிரியவதனி அசையவில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். திருவிழா விரதத்துக்குக் கூடாதென்று மாமி அவனுடைய மருந்துக் குளிசைகளை நிறுத்தியது. அவன் மூன்று இரவு நித்திரையில்லாமல் தனக்குள் பேசித் திரிந்தது. நாலாம் நாள் உலக்கையைத் தூக்கியது. குளிசை நின்ற கதையை இத்தனை வருஷமும் யாரும் டொக்டரிடம் மூச்சுவிடவில்லை.

டொக்டர் நிலக்ஷனைப் பார்த்தார். உண்மைதான் என்று அவன் தலையாட்டினான்.

"அப்ப, இவரை விடவேண்டாம் எண்டுறீரோ?"

"இல்லை. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

குளிசையைத் தன் கையாலேயே கொடுப்பாளாம். இரண்டு இரவு அவன் நித்திரை கொள்ளாவிட்டால், விடிந்ததும் இங்கே கொண்டுவருவாளாம். அதற்குப் படகுக்கார அன்ரனிதாஸிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். மார்க்கண்டு வீட்டுக்கும் போய், கணவனைக் கூட்டிவரப் போவதைச் சொல்லிவிட்டாள்.

பரிமளம் சிரித்தார். "பயப்பிடுறவளோடை ஆர் அனுப்புவினம் டொக்டர்? எனக்கு எள்ளளவும் பயமில்லை."

டொக்டர் பேனையை எடுத்து, பொறுப்பாளர் என்ற இடத்தில் பிரியவதனியின் பெயரை எழுதினார்.

"அதாலைதான் அம்மா, உங்களோடை அனுப்ப எனக்குப் பயமாக் கிடக்கு."