ரெண்டடி போர்டு

"இனிஷியலை எடுத்துட்டா பேரு நல்லாப் பெருசா வருமுங்க" என்றாள் ஹாரிகா.

"எடுக்க வேண்டாமுங்க அம்மணி. அது இருக்கட்டும்."

அரை மணி நேரமாக அந்தப் பெரியவர் இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். சிங்காநல்லூரில் பிளக்ஸ் கடை வைத்து ஹாரிகா எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள். கல்யாண போர்டு என்றால், மணமக்களைவிடத் தன் படம் பெரிதாக வேண்டும் என்று நிற்பார்கள். இவரோ கம்பத்தில் கட்ட ரெண்டடி அகலத்தில் ஒரு போர்டு கேட்டு, அதில் ஓர் எழுத்துக்காக மல்லுக்கட்டுகிறார்.

அவர் போனில் காட்டிய கல்யாணப் பத்திரிகையை மறுபடி பார்த்தாள். யாரோ படமெடுத்து அனுப்பியது போல, ஓரமெல்லாம் மங்கிக் கிடந்தது.

"பத்திரிகைலயே வெறும் கெசியான்னுதானுங்க போட்டிருக்குது."

"சர்ட்டிபிகேட்டுல ‘தே. கெசியா’ங்க."

சரி, கிராக்கி சொன்னால் சொன்னதுதான். வேறொரு எழுத்து வடிவத்துக்கு மாற்றினாள். தடித்த எழுத்து, ஆனால் பக்கவாட்டில் ஒடுங்கியது, முனையெல்லாம் உருண்டை. மூன்று பேர் சீட்டில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்தது போல, ‘வின்ஸ்டன் – தே. கெசியா’ ஒரே வரியில் அடங்கிவிட்டது.

"இது சிப்ஸ் பாக்கெட்டுக்கும் பர்த்டே பேனருக்கும் போடுற எழுத்துங்க. கல்யாணத்துக்கு வெளையாட்டா இருக்குமே?"

"இருந்துட்டுப் போகுதுங்க. குத்தாம கொள்ளாம, பாக்கச் சாதுவா இருக்குது. தூரத்துல இருந்து தெரியுமுங்களா?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாலும் தெரியுமுங்க."

"அது போதும். நான் அங்கதான் நிப்பேன்."

"ஏனுங்க, மண்டபத்துக்குள்ள போக மாட்டீங்களா?"

"கூப்பிடலீங்களே."

ஹாரிகா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். கூப்பிடாத கல்யாணத்துக்குக் கைக்காசு போட்டு போர்டு வைப்பார்களா? பாவமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நாளைக்கு ஏதாவது வம்பு என்றால் கடைப் பேரல்லவா கெடும்.

"ஏணி வெச்சுக் கட்டணுமுங்க. தொணைக்கு ஆள் இருக்குதுங்களா?"

"நமக்கு ஆருங்க இருக்கறாங்க? கிணத்துக்கடவுல இருந்து வெடியக்காலம் மொத பஸ்சுக்கு வந்து நானே கட்டிக்குவேன்."

அதைச் சொல்லும்போதுகூட அவர் முகம் வாடவில்லை. தனியாக இருந்து இருந்து பழகிப்போன முகம். ஹாரிகாவுக்குத்தான் தாங்கவில்லை.

"கீழ கொஞ்சம் இடம் கெடக்குது. வாழ்த்துறவர்னு உங்க பேரைப் போட்டுத் தரட்டுங்களா? காசு வேண்டாமுங்க."

"வேண்டாமுங்க அம்மணி. எம் பேரைப் பாத்தா போர்டையே கழட்டிப்போடுவாங்க."

ஆர்டர் நோட்டை எடுத்தாள்.

"ஆர்டர் யாரு பேருல எழுதட்டுங்க?"

பெரியவர் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தேவானந்தம்னு எழுதிக்குங்க. புள்ள பேருக்கு முன்னால நிக்குதே, அந்த ‘தே’ நாந்தானுங்க."