ஏழு சிவப்பு ஜெர்சி

"இந்த ஞாயித்துக்கிழமையும் ஊரு சுத்தப் போறியா?" என்றான் தேவா.

ரோஜா தையல் மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை. "நாளைக்கு திண்டிவனத்துல கபடி ஃபைனல். ஏழு ஜெர்சியும் காலையிலயே அங்க இருக்கணுங்க."

"தச்சதோட உன் வேலை முடிஞ்சுது. பஸ்ல குடுத்து அனுப்பு."

"நேர்ல போனாத்தான் ஆகும். எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கோம். நீங்களும் வாங்களேன்."

மறுநாள் வேண்டாவெறுப்பாகக் கிளம்பினான். விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து ரோஜாவும் தையல் கடைத் தோழிகள் ஆறு பேரும் அடித்த அரட்டையில் அவனுக்குத் தலை வலித்தது. மைதானத்தில் இறங்கியதும் ஏழு பேரும் மூட்டையோடு ஓர் அறைக்குள் போனார்கள்.

"ஜல்தியா குடுத்துட்டு வா!" என்று கத்திவிட்டு நிழலில் உட்கார்ந்தான்.

விசில் ஒலித்தது. "பெண்கள் இறுதி ஆட்டம்! விழுப்புரம் அணி!" என்று மைக் அலறியது.

சிவப்பு ஜெர்சியில் முதல் ஆளாக ஓடி வந்தவள் ரோஜா! பின்னால் ஆறு தோழிகள். வாராவாரம் அவர்கள் ஊர் சுற்றியது எதற்கென்று தேவாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரு அணியும் சமமாக இருந்தபோது கடைசி ரெய்டுக்கு ரோஜா போனாள். மூன்று பேர் அவளை மடக்கி அமுக்கினார்கள். மூவரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். மைதானமே எழுந்து கத்தியது.

"யாருப்பா அந்தப் பொண்ணு?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

"எம் பொண்டாட்டிங்க!" என்றான் தேவா.

உடம்பெல்லாம் மண்ணோடு எழுந்த ரோஜா, கூட்டத்தில் கணவனைத் தேடிக் கண்டுபிடித்து, அவனைப் பார்த்து ஓங்கித் தொடையைத் தட்டினாள்.