அறுந்த வார்

செங்கோடனோட ரெண்டு செருப்புக்கும் தினம் சாயங்காலம் இதே சண்டைதான்.

"பாரு, இன்னைக்கும் சாராயக்கடைப் பக்கம் திரும்புறான்!" இடது செருப்பு கத்துச்சு. "ஸ்கூல்ல இவன் பொண்ணு ஆடப்போகுது. வரேன்னு சத்தியம் பண்ணான்ல?"

"நாம செருப்புடா. அவன் போற இடத்துக்குத்தான் போகணும்," வலது முனகுச்சு.

"எவன் சொன்னான்?"

இடது ஒரே இழுப்பா இழுத்துச்சு. வார் அறுந்துபோச்சு!

செருப்பு தைக்கிறவர் இருந்தது ஸ்கூல் வாசல்ல. செங்கோடன் நொண்டிக்கிட்டே அங்க போனான். ரெண்டு செருப்பையும் கழட்டிக் குடுத்ததுமே சலங்கை குலுங்க ஓடி வந்தா பொண்ணு.

"ஐ! அப்பா வந்துட்டாரு!"

வெறுங்காலோட அவனை உள்ள இழுத்துட்டுப் போயிட்டா. ஊசி குத்தக் குத்த இடது சிரிச்சுச்சு.

"வலிக்கலையாடா?"

"வலிக்குதுடா. நாளைக்கும் அந்தப் பக்கம்தான் திரும்புவான். அப்ப நீ அறுந்துக்கோ."