செண்பகப் பூ

மரப்பூங்காவின் கோடை விழா வாசலில் பெண்களுக்கெல்லாம் செண்பகப் பூ கொடுத்தார்கள். புது ரகமாம், சித்திரை வெயிலிலும் வாடாதாம். ஓசியில் பூ கொடுக்கும் நிர்வாகத்தைப் பரஞ்சோதி கண்டதில்லை. அவனுக்கு அப்போதே உறுத்தியது.

தெருக்குழாய்த் தண்ணீரைப் பூங்காவுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். விழாவில் பூங்கா அதிகாரியை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பதாகச் சொல்லித் தெருப் பெண்களைத் திரட்டி வந்ததே அவன் மனைவி கோமளாதான். நீட்டிய பூவை மறுக்கக் கூடாதென்று எல்லோரும் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

அதிகாரி பேசி முடித்ததும் கோமளா கைதட்டினாள்.

"ஏண்டி, தண்ணியப் பத்திக் கேக்கலியா?"

"கேக்கலாங்க, இப்ப என்ன அவசரம்? பாவம், அவருக்கு வேர்த்து ஊத்துது."

"மொதல்ல அந்தப் பூவ எடுத்து எறி."

"நீங்க கல்லுக்குண்டாட்டம் உக்காந்திருக்கீங்க, நான் எதுக்குப் பூவ எடுக்கணும்?" என்று சிரித்தாள்.

வீட்டுக்கொரு செண்பகக் கன்றும் தந்தனுப்பினார்கள். வீட்டில் இருந்தது ஒரே குடம் குடிதண்ணீர். கோமளா அதில் பாதியைக் கன்றுக்கு ஊற்றிவிட்டாள். பரஞ்சோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்றைப் பிடுங்கி எறியக் குனிந்தான். அவன் மூக்குக்கு நேராக ஒரு பூ விரிந்திருந்தது.

அதை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தவன், "கோமளா, இதுக்கு இம்புட்டுத் தண்ணி போதுமா?" என்று கேட்டான்.