ஒரு வாத்து

2024 பிப்ரவரியில், வடக்கனந்தல் அருளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது.

ஐப்பசிக்குள் கை மெல்லத் திரும்பியது. சோறு பிசைந்து சாப்பிட்டான். அந்தக் கையை நம்பித் தன் டிராக்டரை வயலில் இறக்கலாமா என்பதுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூட வயதில் திருக்கோவிலூரில் வாங்கிய, வாத்து சுடும் டிவி கேம் பரணில் கிடந்தது. கேசட் ஓடியது. கூட வந்த ஆரஞ்சுத் துப்பாக்கியும் அழுத்தினால் டக்கென்றது.

மனைவி பவானியிடம் அவனே சொன்னான்: "ஒரே ஒரு வாத்து வுழட்டும். வண்டிய விக்க மாட்டேன்."

சுவரில் மாட்டிய புது டிவியில் வாத்துகள் பறந்தன. காலையும் மாலையும் சுட்டான்.

ஒன்றுகூட விழவில்லை.

டிராக்டரைக் கல்வராயன் மலையில் ஆண்டி என்பவருக்கு விற்றான். ஆண்டியின் மருமகன் ஓட்ட, அருள் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து மலையேறினான். ஆண்டியின் மகள் கலையரசிக்குக் கொடுக்க டிவி கேமையும் பையில் வைத்திருந்தான்.

அந்த வீட்டில் இருந்தது அரசு இலவசமாகக் கொடுத்த டப்பா டிவி. கலையரசி ஒயரைச் செருகினாள். சுட்டுக் காட்ட அருள் துப்பாக்கியைத் தூக்கினான்.

"பாத்துப்பா, எங்கூட்டுக் கோழிய சுட்டுடப் போற," என்றார் ஆண்டி.

முதல் சூட்டிலேயே வாத்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

அருள் தன் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"எங்ககிட்டயும் ஒண்ணு இருந்துச்சுங்க," என்றாள் கலையரசி. "சித்தப்பா வூட்டு புது டிவில எவ்ளோ சுட்டாலும் ஒண்ணும் வுழாது. டப்பா டிவிலதான் இது வேல செய்யும்."

வடக்கனந்தலில் அந்தத் துப்பாக்கியை வேறு யாரும் கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்ததில்லை. கோளாறு அருள் கையில்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நல்ல நேரம் போகிறது என்று வெளியிலிருந்து ஆண்டியின் மனைவி பெரியம்மாள் கூப்பிட்டாள். டிராக்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அதன் மேல் வண்டியை ஏற்றுவது விற்றவர் கையால் நடக்க வேண்டும் என்று ஆண்டி முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்.

அருள் ஏறி உட்கார்ந்தான். வலது கையால் வண்டியைக் கிளப்பி ஒரு முழம் நகர்த்தினான்.

நாலு பழமும் நசுங்கின.