எல்லை பிடிக்கிற வாளிகள்

சிரிக்கத்தான் போகிறோம். ஆனால் கொஞ்சம் பொறுங்கோ, இராசலிங்கத்தார் முதலில் கோபப்பட்டு முடிக்கட்டும்.

"மகாதேவி, இஞ்ச வந்து பார். இண்டைக்கும் கவிட்டு வைச்சிருக்கிறாள்."

எண்பத்தாறாம் ஆண்டு மே மாதம், விடிகாலை. ஜெர்மன் நகரமான பீலெஃபெல்டில் அவர்களுடைய வாடகை வீட்டின் பின்வளவு. அங்கே எட்டுக் கத்தரிக் கன்றுகள். எட்டின் மேலும் எட்டு வாளிகள் கவிழ்ந்து கிடந்தன. வாளிகள் பக்கத்து வீட்டு அம்மா ஃப்ராவ் லிண்டெமனுடையவை. நேற்றும் இப்படித்தான், முந்தநாளும் இப்படித்தான்.

"வெயில் படாமல் சாகடிக்கிற வேலை," என்று ஒவ்வொன்றாகக் காலால் தட்டி விட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனெண்டு கேட்டுப் பாருங்கோவன்."

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? எல்லை பிடிக்கிறாள். ரெண்டு வளவுக்கும் நடுவில வேலி இல்லை, பார்த்தனியே? ஊரில வேலிக் கதியாலைத் தள்ளி நடுவினம். இவள் வாளியைத் தள்ளி வைக்கிறாள். எல்லாம் ஒரு சாதிப் புத்திதான்."

வேலிச் சண்டையில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர். தோட்டம்தான் தெரியாது. ஊரில் தபால் கந்தோரில் முத்திரை குத்தினவர். மண்வெட்டி பிடித்ததே போன கிழமைதான்.

ஆனால் அந்தக் கன்றுகளில் உயிரையே வைத்திருந்தார். விதை, தமக்கை கடிதத்துக்குள் மடித்து அனுப்பியது. தமக்கை இப்போது தமிழ்நாட்டில் ஒரு முகாமில். இன்னொரு பிடி விதை கேட்க ஊரில் ஆளில்லை. யோகட் கோப்பைகளில் போட்டு, யன்னலோரத்தில் இரண்டு மாதம் பொத்திப் பொத்தி வளர்த்து, வெயிலைக் கண்டதும் நிலத்தில் நட்டிருந்தார்.

நட்ட அன்றே ஃப்ராவ் லிண்டெமன் ஓடி வந்தாள். என்னவோ சொன்னாள். வானத்தைக் காட்டினாள். இரண்டு கையாலும் தன்னைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினாள்.

அன்று பின்னேரமே கூட்டாளி ஜேசுரட்ணத்துக்கு அதை அப்படியே நடித்துக் காட்டினார் இராசலிங்கத்தார். கன்னத்தை உப்பினார், தோளைக் குலுக்கினார், பல்லைக் கிடுகிடுக்க வைத்தார்.

"வெயில் கொளுத்துது, அவவுக்குக் குளிருதாம். போய்க் கம்பளி போடுங்கோ அம்மா எண்டன்."

ஜேசுரட்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. அது இன்னும் வரவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் இராசலிங்கத்தார் எட்டு வாளியையும் அள்ளிக்கொண்டு போய்த் தன் நிலவறைக்குள் போட்டுப் பூட்டினார்.

"காலமை வெள்ளன வா, ஜேசு. அவளின்ர மூஞ்சையைப் பார்த்துச் சிரிப்பம்."

விடிந்தது. இரண்டு பேரும் வளவுக்குள் இறங்கினார்கள். புல்லெல்லாம் சீனி தூவியதுபோல வெள்ளையாகக் கிடந்தது.

கன்றுகளின் மேல் இப்போது சட்டிகள். சூப் சட்டி, பால் சட்டி, சலாட் கோப்பை, கேக் அச்சு, இன்னும் என்னென்னவோ.

"அண்ணை, மனிசி குசினியையே கொண்டந்து கவிட்டிருக்கிறாள்." ஜேசுரட்ணம் குனிந்து குனிந்து சிரித்தார். "எல்லை பிடிக்க அகப்பை ஒண்டுதான் மிச்சம்."

இராசலிங்கத்தாரும் சிரித்தபடியே சூப் சட்டியைத் தூக்கினார். கீழே கன்று பச்சையாக நின்றது. பால் சட்டியைத் தூக்கினார். அதுவும் பச்சை.

எட்டாவது கன்றுக்குச் சட்டி போதவில்லைப் போல. அது மட்டும் வெறுமனே நின்றது, கறுத்துத் தலை சரிந்து. இலையைத் தொட்டார். ஐஸ் துண்டுபோல விரலுக்குள் நொறுங்கியது.

"ஏன் அண்ணை நிப்பாட்டிட்டியள்?" என்றார் ஜேசுரட்ணம், இன்னும் சிரித்துக்கொண்டு.

இராசலிங்கத்தார் வெள்ளைப் புல்லைக் காலால் உரசிப் பார்த்தார்; இரவுப் பனி உறைந்து கிடந்தது. தூக்கின இரண்டு சட்டியையும் பழையபடி கவிழ்த்தார். மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"மகாதேவி, இடியப்பம் கொஞ்சம் கூடுதலா அவி. அந்த மனிசியிட்ட இண்டைக்குக் காய்ச்ச ஒரு சட்டியும் இல்லை."