தம்பியின் பால்

"ஷாமினி! என்னடி பண்ற?"

கௌசலா ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அதற்குள் குகனின் பால் முழுவதும் சிங்க்கில் இறங்கிவிட்டது. மூன்று வயதுக் குகன் காலிக் கப்பைக் காட்டிக் காட்டி அழுதான்.

ஒன்பது வயது அக்காக்காரி ஒன்றும் நடக்காததுபோல் குழாயைத் திறந்துவிட்டாள்.

"தம்பி பாலை ஏன் ஊத்தின?"

"சும்மா."

"சும்மாவா? நீ ஒரு வாய் குடிச்சுட்டு ஊத்துறத நான் பாத்தேன்டி! உனக்கு வேணும்னா கேக்கலாம்ல?"

கௌசலாவின் கை அவளையும் மீறி நீண்டது. முதுகில் ஒன்று விழுந்தது.

மேசையில் கம்ப்யூட்டர் திறந்தபடி கிடந்தது. மறுமுனையில் கார் இன்சூரன்சுக்காக யாரோ காத்திருந்தார். கோவிட் வந்ததிலிருந்து கௌசலாவின் ஆபீஸ் இந்தச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. கணவன் ஜெயந்திரன் ஜொகூருக்கு லோரி ஓட்டுகிறான். கிள்ளானில், இந்தப் பிளாட்டில், வேலை, சமையல், பிள்ளைகளின் ஓன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். தனக்கென்று உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லை. ரெண்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே போன் பேசுவாள்.

வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் கோவிட் வந்து போய் ஒரு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் ஷாமினிக்கு இந்தப் புதுப் பழக்கம். நேற்று பருப்பும் சோறும் குப்பைத்தொட்டிக்குப் போயின. அதற்கு முன்னால் மீன் குழம்பு. தம்பி வாயில் வைக்கப் போன கரண்டியையே தட்டிவிட்டாள்.

அன்று மாலை போனில் ஜெயந்திரனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"உங்க மகளுக்குப் பொறாமைங்க. தம்பி சாப்பிட்டா பொறுக்கல. என்னால முடியலங்க!"

"சின்னப் பிள்ளைலா, விடு. கோவிட் வந்த பிள்ளைங்களுக்கு வாசனை கெட்டுப் போயிடும்னு சொல்றாங்க. நல்ல சாப்பாடுகூட நாறுமாம். எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டேன்."

அதைக் கேட்டதும் கௌசலாவுக்குச் சுருக்கென்றது. அடித்த கையைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரையும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடித்ததையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் மார்க்கிரட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாம், கௌசலா. பிள்ளைங்களுக்கு அதைச் சொல்லத் தெரியாது. சாப்பிட அடம்பிடிக்கும். நாம சேட்டைன்னு நினைச்சுத் திட்டுவோம். இப்பவே பாத்துடலாம்."

அவர் உள்ளே போய்ச் சில டப்பாக்களை எடுத்து வந்தார். ஷாமினியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மாஸ்க்கை இறக்கி, ஒவ்வொன்றாக அவள் மூக்கருகே பிடித்தார்.

"இது?"

"காப்பித்தூள்."

"இது?"

"ஆரஞ்சு."

"இது?"

"சோப்பு, டாக்டர் ஆன்டி."

எல்லாமே சரி. டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

கௌசலாவுக்கு அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா டாக்டர்? மூக்கு நல்லாத்தான் இருக்கு! எல்லாம் திமிரு! நான் லீவு போட்டுட்டு, கிராப் டாக்சி பிடிச்சு ஓடி வந்தேன். ஒரு வாய்ச் சோறு பொங்குறதுக்கு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். இவ அதைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டுறா!"

குகன் பயந்து அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் கௌசலாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும்தானே கோவிட் வந்துச்சு?"

"வந்துச்சு. எனக்கென்ன, நான் எழுந்து நடமாடுறேன்லா."

"சரி. நீங்களும் கொஞ்சம் கண்ணை மூடுங்க."

"எனக்கெதுக்கு டாக்டர்?"

"மூடுங்களேன்."

எரிச்சலோடு மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கண்ணை மூடினாள். டப்பாவின் விளிம்பு மூக்கில் இடித்தது. இழுத்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"காலி டப்பாதானே இது?"

கண்ணைத் திறந்தாள். டப்பா நிறையக் காப்பித்தூள்.

கௌசலா அதைப் பிடுங்கி மூக்கோடு அழுத்திக்கொண்டாள். ஒன்றுமே இல்லை. இத்தனை நாளாக எதுவும் ருசிக்காததற்குக் களைப்புதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஷாமினியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அந்தப் பால் எப்படிம்மா இருந்துச்சு?"

ஷாமினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"புளிச்சுப் போயிருந்துச்சு. அம்மா காலையில வெளியில வச்சிட்டு மறந்துட்டாங்க. மீனும் பருப்பும்கூட நாறிப் போயிருந்துச்சு. மொத தடவ சொன்னேன். அம்மா மோந்து பாத்துட்டு நல்லாத்தானே இருக்குன்னாங்க. அம்மாவுக்கு வாசனை தெரியலன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல? அடி வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்தியே?" என்றார் டாக்டர்.

ஷாமினியின் குரல் டாக்டருக்கு மட்டும் கேட்கும்படி இறங்கியது. ஆனாலும் கௌசலாவுக்குக் கேட்டுவிட்டது.

"எங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ, 'என்னாலதான் பிள்ளைங்களுக்கு வந்துச்சு'ன்னு அம்மா பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்து விட்டுட்டு அழுதாங்க, ஆன்டி. தனக்கு இன்னும் சரியாகலன்னு தெரிஞ்சா, மறுபடியும் அழுவாங்கல்ல?"